எல்லாம் எல்லைக்குள், எல்லாம் ஒரே பக்கம்: ஓர் ஆய்வு உலை ஆய்வகத்தின் தர நிகழ்வு

பின்னணி

ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு அணு உலையை ஒட்டிய தனிமப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் நடந்தது இது. பெயரும் ஊரும் வேண்டாம்; சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள். நான் அப்போது அங்கே காமா நிறமாலைகளைக் கணக்கிடும் பகுதியில் இருந்தேன்.

ஆய்வகத்தின் வேலை நியூட்ரான் கதிரியக்கமூட்டல் பகுப்பாய்வு. பொடித்த மாதிரியில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் எடுத்து, சிறிய பாலிஎத்திலீன் குப்பியில் அடைத்து உலைக்குள் அனுப்புவார்கள். உள்ளே நியூட்ரான்களைப் பிடித்த அணுக்கள் கதிரியக்கம் பெறும். வெளியே வந்ததும் ஜெர்மானியம் டிடெக்டரின் முன் வைத்தால், எந்த ஆற்றலில் எவ்வளவு காமா வருகிறது என்பதைக் கொண்டு எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1936இல் ஹெவெசியும் ஹில்டே லெவியும் கோபன்ஹேகனில் தொடங்கிவைத்த முறை. நம் பக்கம் கல்பாக்கத்தில், 1996இல் முதன்முதலாக இயக்கத்துக்கு வந்த 30 கிலோவாட் காமினி உலையிலும் இந்த வேலை நடக்கிறது.

இந்த முறையில் மண்ணை அமிலத்தில் கரைக்க வேண்டியதில்லை. அதனால் கரையாமல் அடியில் தங்கிப்போகுமோ என்ற பயமும் இல்லை. பதிலுக்கு எடை, குப்பிக்குள் பொடி நிற்கும் உயரம், நியூட்ரான் பாய்வு (மாதிரியை எவ்வளவு நியூட்ரான் வந்தடைகிறது என்பது), நிறமாலைக் கணக்கு என்று வேறு நான்கு இடங்களில் கண் வைத்திருக்க வேண்டும். பாய்வைத் தெரிந்துகொள்ள, 0.1 விழுக்காடு தங்கம் கலந்த அலுமினியத் துண்டுகளை மாதிரிகளுக்கு இடையிடையே வைத்து அனுப்பினார்கள். 1975இல் சிமோனிட்ஸ், டி கோர்ட்டே, ஹோஸ்டே மூவரும் முன்வைத்த கே-ஜீரோ முறைதான். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனியாக ஒப்பீட்டுப் பொருள் வைக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

தினசரிக் கண்காணிப்புக்கு அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வழங்கிய 1633பி என்ற நிலக்கரிச் சாம்பல் இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் அதில் ஒரு குப்பி போகும். இரும்பு 7.78 விழுக்காடு, குரோமியம் கிலோவுக்கு 198.2 மில்லிகிராம், தோரியம் 25.7 மில்லிகிராம் எனச் சான்றளிக்கப்பட்ட மதிப்புகளோடு ஒப்பிட்டுக் கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். அந்த வரைபடம் பல ஆண்டுகளாக ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் முதலில் காட்டப்படுவதும் அதுதான்.

ஆய்வகத்தின் பழைய வாடிக்கையாளர்கள் தொல்லியலாளர்கள். பானை ஓடு எந்த ஊர்க் களிமண்ணில் செய்தது என்று கேட்டு வருவார்கள். அந்தக் கேள்விக்குத் தனிமங்களுக்கு இடையிலான விகிதமே முக்கியம்; எல்லா எண்ணும் சேர்ந்து சில விழுக்காடு இறங்கினாலும் விடை மாறாது. சில ஆண்டுகளுக்கு முன் வேளாண் துறையும் சுற்றுச்சூழல் துறையும் மண் மாதிரிகளைக் கொண்டுவரத் தொடங்கின. அவர்களுக்கு விகிதம் போதாது, அளவு வேண்டும். வேலை மாறிய அளவுக்கு நடைமுறைக் கையேடு மாறவில்லை.

திறன் சோதனை அறிக்கை

இப்படிப்பட்ட ஆய்வகங்கள் வெளியாருடன் தங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது புதிதல்ல. சர்வதேச அணுசக்தி முகமை 2010 முதல் பல நாடுகளின் நியூட்ரான் பகுப்பாய்வு ஆய்வகங்களை, நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் நடத்தும் வெப்பல் ஒப்பீட்டுச் சோதனைகளில் பங்கெடுக்க வைத்தது. மண்ணும் தாவரப் பொடியும் அனுப்புவார்கள், நாம் அளந்து எண்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். மற்றவர்களின் முடிவிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை இசட் மதிப்பெண்ணாகத் தருவார்கள். இரண்டுக்குள் இருந்தால் திருப்தி, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தால் சந்தேகம், மூன்றைத் தாண்டினால் தேறவில்லை.

எங்கள் ஆய்வகம் இதுபோன்ற ஒரு சோதனையில் களிமண் மிகுந்த மண் ஒன்றை அளந்து 13 தனிமங்களுக்கு முடிவு அனுப்பியிருந்தது. அறிக்கை வந்தபோது 13மே இரண்டுக்குள். வாராந்தரக் கூட்டத்தில் ஆய்வகத் தலைவர் அதைப் புரட்டிவிட்டு, "நல்லது, கோப்பில் வையுங்கள்" என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க அப்போது காரணமும் தெரியவில்லை.

தரப் பொறுப்பாளர் கோப்பில் வைப்பதற்கு முன் எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். ஸ்காண்டியம், குரோமியம், இரும்பு, கோபால்ட், சீசியம் என்று 12 தனிமங்கள் எதிர்மப் பக்கம். எல்லாமே மைனஸ் 0.8க்கும் மைனஸ் 1.7க்கும் இடையில். துத்தநாகம் ஒன்று மட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தேர்ச்சி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 12 எண்கள் தற்செயலாக எதிர்மத்தில் விழ 4096இல் ஒரு வாய்ப்புதான். உண்மையில் அவை தொடர்பில்லாதவை அல்ல. ஒரே குப்பி, ஒரே எடை, ஒரே பாய்வு. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். 12க்கும் பொதுவான ஏதோ ஒன்று ஏறக்குறைய 6 விழுக்காடு பிசகியிருக்கிறது, அது கட்டுப்பாட்டு வரைபடத்தின் கண்ணில் படவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது வரவேற்பு பெரிதாக இல்லை. தேறிய சோதனையைத் தோண்ட ஆள் நேரமும் உலை நேரமும் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் உலை நேரத்துக்கு முனைவர் பட்ட மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். கடைசியில் தலைவர் ஒரு சமரசத்துக்கு வந்தார்: புதிதாகக் கதிர்வீச்சுக்கு அனுப்பக் கூடாது, ஏற்கெனவே உள்ள மாதிரியையும் நிறமாலைகளையும் வைத்து என்ன செய்ய முடியுமோ செய்யுங்கள். இந்த முறையில் மாதிரி அழிவதில்லை என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது.

சந்தேகப் பட்டியல்

முதலில் தராசு. அளவுதிருத்த எடைக்கற்களை வைத்துப் பார்த்ததில் பிசகு இல்லை. இருந்திருந்தாலும் 200 மில்லிகிராமில் 12 மில்லிகிராம் தவறுவது தராசின் வேலையாக இருக்காது.

அடுத்தது நியூட்ரான் பாய்வு. அதே தொகுதியில், அதே அடுக்கில், மண் குப்பிக்குப் பக்கத்திலேயே சாம்பல் குப்பியும் போயிருந்தது. பாய்வில் தவறு என்றால் சாம்பலும் இறங்கியிருக்க வேண்டும். அது சரியாகவே வந்திருந்தது. தங்கத் துண்டுகளும் தமக்குள் ஒத்துப்போயின.

மூன்றாவதாக உயரம். மண்ணும் சாம்பலும் குப்பிக்குள் ஒரே உயரத்துக்கு நிற்பதில்லை. டிடெக்டருக்கு மிக அருகில் வைத்து அளக்கும்போது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே சில விழுக்காடு ஆகிவிடும். எனக்கு இதன் மேல்தான் சந்தேகம் அதிகம். சோதிப்பதும் எளிது: அதே குப்பியைத் தூரத்தில் வைத்து மறுபடி அளந்தால் உயரத்தால் வரும் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும். ஒரு வார இறுதி முழுவதும் 25 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து எண்ண விட்டோம்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. 12 தனிமங்களும் பழைய எண்களிலேயே நின்றன. அப்படியானால் உயரம் காரணமில்லை. ஆனால் அதுவரை ஒழுங்காக இருந்த துத்தநாகம் ஏறக்குறைய 6 விழுக்காடு இறங்கி மற்ற 12உடன் சேர்ந்துகொண்டது.

அந்த ஒரு எண் இரண்டு விஷயங்களைச் சொல்லியது. குறைவு எல்லாத் தனிமங்களுக்கும் பொது. துத்தநாகத்தில் அதற்கு மேல் இன்னொரு பிழை எதிர்த்திசையில் ஏறி உட்கார்ந்து, முதல் பிழையை மறைத்திருக்கிறது. அறிக்கையில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய தனிமத்தில்தான் இரண்டு தவறுகள் இருந்தன.

ஈரம்

எல்லாத் தனிமங்களுக்கும் பொதுவாக இருந்து, சாம்பலைத் தொடாமல் மண்ணை மட்டும் தொடக்கூடியது எது என்று கேட்டால், பட்டியலில் மிச்சம் இருந்தது ஈரம் ஒன்றுதான். சோதனை நடத்துபவர்களின் வழிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தோம். முடிவுகளை 105 டிகிரியில் உலர்ந்த எடைக்குத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் குப்பியில் எடை போட்டது வந்தபடியே இருந்த பொடி.

மிச்சப் பொடியிலிருந்து ஒரு கிராம் எடுத்து ஓவனில் 105 டிகிரியில் வைத்தோம். டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில், ஆறவைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்ததில் இழப்பு 6 விழுக்காட்டை ஒட்டி வந்தது. சாம்பலுக்கும் அதையே செய்தோம். கால் விழுக்காடுகூட இல்லை. நிலக்கரியோடு எரிந்து வந்த பொருளில் ஈரம் எங்கிருந்து வரும்?

உலர்ந்த மண் கிண்ணத்தைத் தராசில் மூடியில்லாமல் வைத்தபோது கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. அறைக் காற்றிலிருந்து களிமண் நீரை இழுப்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அங்கே நின்றிருந்த தொழில்நுட்பர் எதுவும் சொல்லாமல் போய்க் கையேட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை விரித்தார். "வாடிக்கையாளர் கேட்டால் ஈரப்பதம் அளக்கவும்" என்று இருந்தது. வாடிக்கையாளர் எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தார்கள். சுட்ட ஓடுகள் மட்டும் வந்த காலத்தில் எழுதிய வரி அது, அப்போது அது போதுமானதாகத்தான் இருந்தது.

இதில் தொழில்நுட்பரையோ எடை போட்ட மாணவரையோ குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் கருத்து. கையேடு சொன்னபடிதான் இருவரும் செய்தார்கள். கட்டுப்பாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் ஓட்டை. மண்ணில் நடக்கக்கூடிய தவறு சாம்பலில் நடக்கவே முடியாது என்றால், சாம்பலின் வரைபடம் மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

துத்தநாகம்

துத்தநாகம்-65 தரும் காமாவின் ஆற்றல் 1115.5 கே.இ.வி. (கிலோ எலெக்ட்ரான் வோல்ட்). அதற்கு 5 கே.இ.வி. மேலே, 1120.5இல், ஸ்காண்டியம்-46இன் முகடு (நிறமாலையில் அதன் காமா எழுப்பும் கூம்பு) நிற்கிறது. கீழ்ப் பக்கம் 1112இல் யூரோப்பியம்-152. மண்ணில் ஸ்காண்டியம் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான் இருக்கும், துத்தநாகம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் நியூட்ரானைப் பிடிப்பதில் ஸ்காண்டியம் வெகு வேகம். எங்கள் நிறமாலையில் ஸ்காண்டியத்தின் முகடு துத்தநாகத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி நிற்கிற கதை. யானையின் முகட்டிலிருந்து கீழ் ஆற்றல் பக்கம் மெல்லிய வால் ஒன்று நீண்டாலும் அது துத்தநாகத்தின் கணக்கில் ஏறிவிடும்.

அருகில் வைத்தபோது வால் இருந்தது, தூரத்தில் வைத்தபோது இல்லை. ஜெர்மானியப் படிகம் கெட்டிருந்தால் வால் இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கும். துடிப்புகள் வரும் வேகத்தைப் பொறுத்து மாறுவதால் குற்றம் மின்னணுப் பக்கம் என்று தெரிந்தது. பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்ததில், சில மாதங்களுக்கு முன் அந்த டிடெக்டரின் ஆம்ப்ளிஃபயரை மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு, ஒவ்வொரு துடிப்பும் முடிந்ததும் நேராக அடிக்கோட்டுக்குத் திரும்பும்படி போல்-ஜீரோ சரிசெய்தல் என்று ஒன்று செய்ய வேண்டும். அதைச் செய்திருந்தார்கள், ஆனால் பலவீனமான சோதனை மூலத்தை வைத்து. ஆசிலாஸ்கோப்பில் மண் மாதிரியின் துடிப்புகளைப் பார்த்தபோது ஒவ்வொரு துடிப்பும் முடிந்த பிறகு அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கி, மெதுவாக மேலே ஏறியது. அடுத்த துடிப்பு அந்தப் பள்ளத்தில் விழுந்தால் உயரம் குறைவாகப் பதியும். முகட்டுக்குக் கீழ்ப் பக்க வால் முளைப்பது இப்படித்தான்.

வாரந்தோறும் கோபால்ட்-60 வைத்து 1332.5 கே.இ.வி. முகட்டின் அரை உயர அகலத்தை அளந்து பதிவார்கள். அந்த எண்கள் எல்லாம் எல்லைக்குள் இருந்தன. இதிலும் அதே சங்கதி: கோபால்ட் மூலம் பலவீனமானது, துடிப்புகள் இடைவெளி விட்டு வரும், பள்ளத்தில் விழ வாய்ப்பே இல்லை. போதாததற்கு, வால் அரை உயரத்தில் தெரியாது, பத்தில் ஒரு பங்கு உயரத்தில்தான் தெரியும். சீரான மணி வடிவ முகட்டில் பத்தில் ஒரு பங்கு அகலம் அரை உயர அகலத்தைப் போல 1.82 மடங்கு இருக்கும். மண் நிறமாலையில் ஸ்காண்டிய முகட்டுக்கு அதைக் கணக்கிட்டபோது இரண்டைத் தாண்டியிருந்தது.

சாம்பலின் பழைய நிறமாலைகளைத் திறந்து துத்தநாகத்தைக் கணக்கிட்டோம். ஆம்ப்ளிஃபயர் மாறிய தேதிக்குப் பிறகு எண்கள் ஒரு படி ஏறியிருந்தன. இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? 1633பியின் சான்றிதழில் துத்தநாகத்துக்கு 210 என்று தகவலுக்கான மதிப்பு மட்டுமே உண்டு, சான்றளிக்கப்பட்ட மதிப்பு கிடையாது. அதனால் வரைபடம் வரைந்தவர்கள் துத்தநாகத்தை விட்டுவிட்டார்கள். சான்று மதிப்பு இல்லையென்றாலும் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட வரைபடம் போட்டிருக்கலாம். நிலைத்தன்மையைக் காக்க உண்மையான மதிப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகள்

திறன் சோதனைக்கு அனுப்பிய எண்களைத் திருத்தக் கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவானது. அனுப்பியது அனுப்பியதுதான். தேறிய அறிக்கையாக இருந்தாலும் ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் 7.10ஆம் பிரிவின்படி பிறழ்ந்த வேலை என்று பதிவு செய்தார்கள். இதற்குத் தலைவர் கொஞ்சம் தயங்கினார். அடுத்த தணிக்கையில் கேள்வி வரும் என்பது அவர் கவலை. பதிவு இல்லாமல் திருத்தினால் அதைவிடப் பெரிய கேள்வி வரும் என்று தரப் பொறுப்பாளர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டு திருத்தங்களையும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பது அடுத்த முடிவு. ஈரத் திருத்தத்தை மட்டும் முதலில் செய்திருந்தால் மற்ற 12 தனிமங்கள் சரியாகி, துத்தநாகம் 6 விழுக்காடு மேலே போயிருக்கும். போல்-ஜீரோவை மட்டும் சரிசெய்திருந்தால் துத்தநாகமும் மற்றவற்றோடு கீழே இறங்கியிருக்கும். இடைப்பட்ட நாட்களில் வெளியாகும் அறிக்கைகளுக்கு மூன்றாவது வகைப் பிழை வந்துவிடும்.

ஓவனில் காய்ந்த பொடியையே குப்பியில் போட்டுவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். பாதரசம் போல எளிதில் ஆவியாகும் தனிமங்கள் போய்விடக்கூடும் என்பதால் அது வேண்டாம் என்றானது. குப்பிக்கு எடை போடும் அதே நேரத்தில் பக்கத்தில் தனி ஒரு பங்கை எடை போட்டு, அதை மட்டும் உலர்த்தி ஈரம் கணக்கிடுவது என்று எழுதினார்கள். "அதே நேரத்தில்" என்ற சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டது தொழில்நுட்பர். கிண்ணத்தில் இலக்கம் ஏறியதைப் பார்த்தவர் அவர்.

அதிக விவாதம் நடந்தது பழைய அறிக்கைகளைப் பற்றித்தான். மண் மாதிரிகளுக்கு அனுப்பிய எந்த அறிக்கையிலும் எடை எந்த அடிப்படையில் என்று எழுதவில்லை. வந்தபடியான எடைக்கு அந்த எண்கள் (துத்தநாகம் நீங்கலாக) சரியானவை. உலர் எடைக்குத் தவறானவை. அடிப்படையைச் சொல்லாத எண் எதற்கும் சரியில்லை என்பது தரப் பொறுப்பாளரின் வாதம். தலைவரோ, இன்று ஈரம் அளந்து அன்றைய எண்ணைத் திருத்த முடியாது, பாட்டில் எத்தனை முறை திறக்கப்பட்டதோ யாருக்குத் தெரியும் என்றார். இருவர் சொன்னதும் சரிதான். முடிவில், மிச்சப் பொடி மூடி திறக்காமல் இருந்தவற்றுக்கு ஈரம் அளந்து, நிச்சயமின்மையைக் கூட்டி, திருத்திய அறிக்கை அனுப்பினார்கள். பொடி இல்லாதவற்றுக்கு, எண்கள் வந்தபடியான எடைக்கு உரியவை, ஈரம் அளக்கப்படவில்லை என்று கடிதம் போனது. துத்தநாகத்தை எல்லாருக்கும் பழைய நிறமாலைகளிலிருந்தே மறுபடி கணக்கிட முடிந்தது; ஸ்காண்டிய முகட்டின் வாலை அளந்து கழித்தோம்.

தொல்லியலாளர்களுக்குக் கடிதம் வேண்டாம் என்று முடிவாகி, பிறகு மாறியது. ஆம்ப்ளிஃபயர் மாறியபின் அளந்த ஓடுகளில் துத்தநாகமும் கெட்டிருந்ததே. விகிதத்தை நம்பும் வேலையில் ஒரு தனிமம் மட்டும் நகர்ந்தால் அது எல்லாம் சேர்ந்து நகர்வதைவிட மோசம்.

அதன்பின்

வேளாண் துறையில் ஒரு முனைவர் பட்ட மாணவர் துத்தநாக எண்களை வைத்து ஓர் அத்தியாயம் எழுதி முடித்திருந்தார். திருத்திய அறிக்கை வந்தபோது துத்தநாகம் ஏறக்குறைய அசையாமல் இருந்தது, இரும்பும் கோபால்ட்டும் ஏறியிருந்தன. எது மாற வேண்டுமோ அது மாறவில்லையே என்று குழம்பி நேரில் வந்தார். அவருக்கு நிறமாலையைத் திரையில் விரித்துக் காட்டினோம். வெளி வாடிக்கையாளர் ஒருவர் கடிதம் கிடைத்தபின் வேறு ஆய்வகத்துக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாம்பலோடு இரண்டாவது கட்டுப்பாட்டுப் பொருளாக நிஸ்டின் 2709ஏ, சான் வாக்கின் மண், வந்து சேர்ந்தது. அதற்கும் ஈரத் திருத்தம் வேண்டும் என்பதால், இனி அந்தப் படி விட்டுப்போனால் வரைபடத்தில் தெரியும். வாராந்தரச் சோதனையில் பத்தில் ஒரு பங்கு உயர அகலமும் சேர்ந்தது. கோபால்ட் மூலத்தோடு ஒரு சீசியம் மூலத்தையும் அருகில் வைத்து, துடிப்பு வேகத்தை மண் மாதிரியின் அளவுக்கு ஏற்றி அளக்கிறார்கள். அடுத்த சுற்றுத் திறன் சோதனையில் மதிப்பெண்கள் பூஜ்ஜியத்தின் இரண்டு பக்கமும் சிதறியிருந்தன. துத்தநாகம் பழையதைவிடக் கொஞ்சம் மோசமான மதிப்பெண் வாங்கியது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மாற வேண்டியவை

திறன் சோதனை அறிக்கை வந்தால் தேர்ச்சியைப் பார்ப்பதோடு குறிகளையும் பார்ப்பது இப்போது படிவத்திலேயே ஒரு வரியாக இருக்கிறது. என்னைக் கேட்டால் இதுவும் போதாது. முந்தைய சுற்றுகளின் எண்களையும் சேர்த்து வரைபடம் போட வேண்டும். ஒரு சுற்றில் 13 எண்கள் சொல்லாததை நாலைந்து சுற்றுகள் சேர்ந்து சொல்லிவிடும். இதைச் சொன்னேன், செய்வதாகச் சொன்னார்கள். நான் கிளம்பும்வரை தொடங்கவில்லை.

கையேட்டில் "வாடிக்கையாளர் கேட்டால்" என்று தொடங்கும் வரிகள் இன்னும் சில உண்டு. மாதிரி வகை மாறும்போதெல்லாம் அந்த வரிகளை மட்டும் தனியாக எடுத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று தரப் பொறுப்பாளர் எழுதிவைத்திருக்கிறார். அடுத்து வரப்போவது தாவர மாதிரிகள். இலைப் பொடியில் ஈரம் மண்ணைவிடக் கூடவே இருக்கும், 105 டிகிரியில் சிலவகை இலைகள் நீரோடு வேறு சிலவற்றையும் இழக்கும். அதற்கு எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம் என்பது இதை எழுதும்போது முடிவாகவில்லை. முடிவாகும்வரை தாவர மாதிரிகளை வாங்கிவைக்கிறார்கள், எடை போடுவதில்லை.